எர்த் அடிக்குது

"ஃப்ரிட்ஜைத் தொட்டா எர்த் அடிக்குதுப்பா" என்று அம்மா போனில் சொன்னது பங்குனி முதல் வாரத்தில். சொன்ன கையோடு பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதைக்குப் போய்விட்டார். நான்தான் இழுத்து நிறுத்தி, எப்போதிருந்து என்று கேட்டேன்.

"அது ஆச்சு, ஒரு மாசம் இருக்கும். பெருசா ஒண்ணுமில்ல தம்பி, சுருக்குங்கும். கீழ ரப்பர் மிதியடி போட்டிருக்கேன். அதுமேல நின்னு தொறந்தா அடிக்கிறதில்ல."

ஒரு மாதம் அந்தச் சுருக்கோடு பால் எடுத்து, காபி போட்டு, காய்கறி வைத்து எடுத்திருக்கிறார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்தில் ஷாக் அடிப்பது வேறு, எர்த் அடிப்பது வேறு. ஷாக் என்றால் தூக்கி எறியும். எர்த் என்றால் சுருக்கென்று கடித்துவிட்டு விட்டுவிடும். மிதியடி போட்டுச் சமாளிக்கலாம். இப்படி ஒரு சாதுவான பெயர் கிடைத்ததால்தான் எத்தனையோ வீடுகளில் இதோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே கரண்ட்தான். உடம்பு வழியாக ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் போனால் சுருக்கென்கிறது. பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பலாம். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரியவே சுமார் 40 மில்லிஆம்பியர் வேண்டும். சுருக்குக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது பல சமயம் கை எவ்வளவு ஈரம், கால் எவ்வளவு ஈரம் என்பது மட்டும்தான். வீடு துடைத்த ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர் என் அம்மா.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்திருக்கிறார். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் அடிக்காது என்றாராம். "தம்பி வந்து பாக்கட்டும்" என்று அப்பா தடுத்திருக்கிறார். கசிகிற கரண்டைத் தரைக்கு இறக்க வேண்டிய அந்தப் பாதுகாப்பு வயரைக் கழற்றியிருந்தால் அடிப்பது உண்மையிலேயே நின்றிருக்கும். எல்லோரும் நிம்மதியாகியிருப்பார்கள். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் மின்னியல் (இ.இ.இ.) படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவன். பையில் ஒரு டெஸ்டரும் ஒரு மல்டிமீட்டரும் எப்போதும் இருக்கும். சனிக்கிழமை பத்து மணிக்குத் திண்டுக்கல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, காபிகூடக் குடிக்காமல் ஃப்ரிட்ஜில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. மிதியடியை விலக்கிவிட்டு வைத்தேன். எரியவில்லை. மல்டிமீட்டரும் ஒன்றும் காட்டவில்லை. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது, தான் ஏதோ பொய் சொல்லிவிட்டதைப் போல.

"எப்பம்மா அடிக்கும்?"

"காலைல பால் எடுக்கும்போதுதான்."

"சாயங்காலம்?"

கொஞ்சம் யோசித்தார். "சாயங்காலம் அடிச்ச மாதிரி ஞாபகம் இல்லையே."

கருவியை எடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பழுது எப்போது வருகிறது, அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன ஓடுகிறது, மழையிலா வெயிலிலா, சமீபத்தில் யார் சுவரில் ஆணி அடித்தார்கள், யார் வந்து என்ன மாற்றினார்கள். மின்சாரப் பழுதில் பாதி விடை அந்த வீட்டில் புழங்குகிறவர்களின் நினைவில் இருக்கிறது. அங்கே கேட்பதற்கு ஷாக் அடிக்கும் ஆபத்தும் இல்லை.

ஞாயிறு காலை ஆறேகாலுக்கு மறுபடி பார்த்தேன். டெஸ்டர் மங்கலாக எரிந்தது. ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்தேன். அப்போதும் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். நின்றது. மாட்டினேன், சுவிட்சைப் போடவே இல்லை, எரிந்தது.

ஃப்ரிட்ஜ் நிரபராதி என்று அங்கேயே தெரிந்துவிட்டது. கரண்ட் வருவது லைன் வயரில், திரும்பிப் போவது நியூட்ரலில். சுவிட்ச் லைனைத்தான் துண்டிக்கும். எர்த்துக்குச் சுவிட்ச் கிடையாது. அணைத்த பிறகும் ஃப்ரிட்ஜ் உடம்பில் கரண்ட் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கினால்தான் போகிறது என்றால், அது பெரும்பாலும் எர்த் பின் வழியாகத்தான் ஏறியிருக்க வேண்டும். (சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருந்தாலும் இப்படி ஏமாற்றும். அதை முதலில் பார்த்துவிட்டேன், இங்கே சரியாகத்தான் இருந்தது.) நம் பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும் கூட. சொருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக அது விட வேண்டும், தவறியும் லைன் ஓட்டைக்குள் அது போகக் கூடாது. அவ்வளவு கவனமாக வடிவமைத்த பாதுகாப்பு வயரே எங்கள் வீட்டில் கரண்டைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஏற்றிக்கொண்டிருந்தது. 'எர்த் அடிக்குது' என்று அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

பக்கத்தில் காலியாக இருந்த மூன்று ஓட்டை சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தேன். எதிரே நின்று பார்த்தால் மேலே எர்த், வலது லைன், இடது நியூட்ரல். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றோ இரண்டோ வோல்ட்தான் இருக்க வேண்டும், 84 காட்டியது. லைனுக்கும் எர்த்துக்கும் 146. இரண்டையும் கூட்டினால் 230. வீட்டின் எர்த் வயர் முழுவதும் தரையை விட்டு மேலே ஏறி நின்றது. மூன்று பின் மாட்டிய ஒவ்வொரு இரும்பு உடம்பிலும் 84 வோல்ட்: வாஷிங் மிஷின், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி. காலையில் ஈரக் கையோடு அம்மா முதலில் தொடுவது ஃப்ரிட்ஜ் என்பதால் பழி அதன்மேல் விழுந்திருக்கிறது.

மல்டிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இருக்கும்போது சாக்கெட்டில் வைத்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். டெஸ்டரை இதைவிடக் குறைவாகத்தான் நம்புவேன். அது எரிய நம் உடம்பு வழியாகத் தரைக்கு ஒரு சிறு மின்னோட்டம் போயாக வேண்டும். தடித்த ரப்பர்மேலோ பிளாஸ்டிக் ஸ்டூல்மேலோ நின்றால் கரண்ட் இருந்தும் எரியாமல் போகலாம். அதனால் முதலில் கரண்ட் நிச்சயம் இருக்கிற இடத்தில் வைத்து, பிறகு சந்தேகப்படும் இடத்தில் வைத்து, மறுபடி முதல் இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டரே செத்திருந்தால்?

இனி எந்தப் பொருள் எர்த்துக்குள் கரண்டைத் தள்ளுகிறது என்று தேட வேண்டும். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு அம்மாவை ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கச் சொன்னேன். கிரைண்டர். 84. வாஷிங் மிஷின். 84. இன்டக்ஷன் அடுப்பு. 84. டி.வி. 84.

அப்புறம் யாரும் எதையும் தொடாமலே எண் சட்டென்று 2-க்கு இறங்கியது.

திரும்பிப் பார்த்தேன். துண்டோடு அப்பா பாத்ரூமிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். குளித்து முடித்துக் கீசர் சுவிட்சை அணைத்திருக்கிறார்.

அவருக்கு மூட்டுவலி, கோடையிலும் வெந்நீர்தான். தினமும் ஆறு மணிக்குக் கீசரைப் போடுவார், குளித்து முடித்துத்தான் அணைப்பார். அதே நேரத்தில்தான் அம்மா பால் எடுப்பார். "குழாயத் தொடுறப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியலையாப்பா?" என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "லேசாக் கூசும். நரம்புதான்னு நெனச்சேன்."

சுவருக்குள் ஓடுவது சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப். கீசர் டேங்குக்கும் குழாய்க்கும் நடுவில் மெல்லிய தண்ணீர்த் தடம் மட்டும்தான் கரண்டுக்கு வழி. அது பெரும் தடை. பழைய வீட்டில் இருந்ததுபோல ஜி.ஐ. இரும்புப் பைப்பாக இருந்திருந்தால் அவர் ஈரத் தரையில் நின்று 84 வோல்ட்டைக் கையால் பிடித்திருப்பார். இதை எழுதும்போதும் ஒரு நிமிடம் எழுந்து போய்விட்டுத்தான் வந்தேன்.

கீசருக்குள் நடந்தது இதுதான். எங்கள் பகுதி போர் தண்ணீர் கடும் உப்பு. கீசர் டேங்கில் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். உப்பு அரிக்கிற வேலையை அது தன்மேல் வாங்கிக்கொண்டு கரையும். கரைந்து தீர்ந்தால் மாற்ற வேண்டும். கீசர் வாங்கி ஆறு வருடமாக அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அது தீர்ந்த பிறகு, சூடேற்றும் எலிமென்டின் மேலுறையை உப்பு அரித்து ஓட்டை போட்டிருக்கிறது. லைன் தண்ணீருக்குள் கசிந்து, தண்ணீரிலிருந்து டேங்குக்கும், டேங்கிலிருந்து எர்த் வயருக்கும் போயிருக்கிறது.

அப்படிப் போனால் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து நிறுத்தும் சுவிட்ச்) விழ வேண்டாமா என்று அப்பா கேட்டார். விழாது. கசிந்தது ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவு. 2 கிலோவாட் கீசர் தானாகவே ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்தாலும் 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஒரு பொருட்டே இல்லை. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். மனிதனுக்காக வைத்தது ஆர்.சி.சி.பி. லைனில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் எடை போட்டுப் பார்க்கிறது. லைனும் நியூட்ரலும் ஒரே இரும்பு வளையத்துக்குள் போகும். இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றின் காந்தப் புலத்தை இன்னொன்று அழித்துவிடும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே, எங்கோ யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

எங்கள் வீட்டிலும் ஆர்.சி.சி.பி. உண்டு. பிறகு ஏன் விழவில்லை? அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை.

இவையெல்லாம் இருக்கும் டி.பி. பெட்டியைத் திறப்பதற்கு முன் மெயினை அணைத்தேன். இன்வர்ட்டரையும் அணைத்தேன். இதை மறக்கிறவர்கள் பலர். மெயினை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றுவார்கள். இன்வர்ட்டரோ கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அந்த லைனுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அம்மாவை மெயின் பக்கத்திலேயே உட்கார வைத்தேன், யாரும் வந்து போட்டுவிடக் கூடாது என்று. பிறகு டெஸ்டரில் அந்த மூன்று படி.

உள்ளே ஆர்.சி.சி.பி. குமிழ் மேலே தூக்கியபடி அழகாக நின்றது. அதில் ஒரு வயரும் இல்லை. மெயினிலிருந்து வந்த இரண்டு வயர்களையும் அதைத் தாண்டி நேராக எம்.சி.பி. வரிசைக்கும், நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் லிங்குக்கும் கொடுத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு நினைவு வந்தது. கார்த்திகை மழையில் வீடு அடிக்கடி இருட்டாகிக்கொண்டிருந்ததாம். காலையில் குளிக்கிற நேரத்திலும் விழுந்திருக்கிறது, ராத்திரியிலும் விழுந்திருக்கிறது. கூப்பிட்டு வந்த எலக்ட்ரீஷியன், "டிரிப்பர் வீக்காயிருச்சுங்க, இப்போதைக்கு டைரக்ட் கொடுத்திருக்கேன், புதுசு வாங்கி வைங்க" என்றாராம். அதற்குப் பிறகு வீடு இருட்டாகவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று புதுசு வாங்கவும் இல்லை. 'டைரக்ட் கொடுத்தாச்சு' என்கிற வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு இப்போது கை நடுங்குகிறது. நான்கு மாதம் முன்பே அந்தச் சின்னப் பெட்டி, இந்த வீட்டில் எங்கோ கசிகிறது என்று தினமும் கத்திச் சொல்லியிருக்கிறது. நாம் அதன் வாயை அடைத்திருக்கிறோம்.

ஆனால் கார்த்திகையில் எர்த் அடிக்கவில்லையே, மாசியில்தானே அடிக்க ஆரம்பித்தது? அதற்கு விடை வாசலில் இருந்தது. எர்த் குழி என்பது, ஆழமாகத் தோண்டி ஜி.ஐ. பைப்பை இறக்கிச் சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு நிரப்புவது. மண் ஈரமாக இருந்தால்தான் அது கரண்டை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்தில் கோடையில் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். தாத்தா ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு வாசலுக்குப் பேவர் பிளாக் போட்டபோது குழியின் வாயையும் சேர்த்து மூடிவிட்டார்கள். மழைக்காலத்தில் மண் ஈரம், கசிந்த கரண்ட் இறங்கிவிட்டது. மாசி வெயிலில் காய்ந்ததும் இறங்க வழியில்லாமல் வீட்டு எர்த் வயர் முழுவதும் ஏறி நின்றது. பிறகு கருவி வைத்து அளந்தபோது குழியின் தடை 60 ஓம். அதன் வழியாக 1.4 ஆம்பியர் இறங்கினால் 84 வோல்ட். அந்த எண்ணைப் பார்த்ததும் கணக்கு முடிந்தது. இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வளவு மோசமான குழியிலும் ஆர்.சி.சி.பி. இணைப்பில் இருந்திருந்தால், எர்த்தில் இரண்டு வோல்ட் ஏறும்போதே வெட்டியிருக்கும்.

இதுவரை நான் செய்தது பார்ப்பது, கேட்பது, அளப்பது, அணைப்பது. இதற்குமேல் அரசு தரும் வயர்மேன் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். பாத்ரூமில் இருக்கும் கீசரையும் டி.பி. பெட்டியையும் இ.இ.இ. படித்த ஞாபகத்தில் நான் பிரித்து மாட்ட விரும்பவில்லை. பழுதை நாமே கண்டுபிடிப்பதால் என்ன லாபம் என்றால், வருகிறவரிடம் "ஃப்ரிட்ஜ்ல அடிக்குது" என்று சொல்லாமல் "கீசர் போட்டா எர்த்துல 84 வோல்ட் ஏறுது" என்று சொல்லலாம். அதற்கப்புறம் யாரும் ஃப்ரிட்ஜ் எர்த் வயரை வெட்ட மாட்டார்கள்.

வந்தவர் கீசர் வயர்களைக் கழற்றி, எலிமென்டுக்கும் டேங்குக்கும் நடுவே தடையை அளந்து காட்டினார். லட்சக்கணக்கான ஓம் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுச் சொச்சம். எலிமென்ட், மெக்னீசியக் கம்பி இரண்டும் புதிது. பேவர் பிளாக்கை எடுத்துவிட்டுப் பழைய குழிக்குப் பக்கத்தில் புதுக் குழி, மேலே திறந்து மூடும் மூடி. இப்போது 6 ஓம். ஆர்.சி.சி.பி.யும் புதிது.

அன்று இரவே அது விழுந்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில், அந்த எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் சரியோ என்ற சந்தேகம் இருந்தது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டுப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் விழுந்தது. பலரும் மிஷின்தான் கோளாறு என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். சாதாரண ஒற்றை எம்.சி.பி. லைனை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வயர்கள் எல்லாம் லிங்கில் அப்படியே சேர்ந்தே இருக்கும். எங்காவது நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி. எல்லாம் இறங்கியிருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். மறுநாள் வயர்மேன் மெயினை அணைத்து, லிங்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மூடிவிட்டுப் போட்டுப் பார்த்தார். ஐந்தாவது வயரைக் கழற்றியதும் நின்றது. வாசல் கேட் விளக்கு லைன். விளக்கின் இரும்புப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, ஜாயின்டில் சுற்றிய டேப் உரிந்து, நியூட்ரல் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. கார்த்திகையில் ராத்திரியில் விழுந்ததற்குக் காரணம் இது. ஒரே வீட்டில் இரண்டு பழுது, இரண்டையும் ஒரே பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது.

தேடவே கூடாத பழுதும் உண்டு. பல்புகள் திடீரென்று பளீரென எரிந்து, ஃபேன் வழக்கத்துக்கு மீறிச் சுற்றினால், வெளியே எங்கோ நியூட்ரல் அறுந்து உங்கள் வீட்டுக்கு 230-க்கு மேல் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். 400 வரைகூட ஏறலாம். அப்போது மல்டிமீட்டரைத் தேடாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குக் கூப்பிடுங்கள். சீல் வைத்த மீட்டர் பெட்டியும் அதற்கு முன்னால் இருப்பவையும் வாரியத்தின் பொறுப்பு, எவ்வளவு தெரிந்தவரும் கை வைக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது அம்மாவின் வேலையாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் நாளோடு அதைச் சேர்த்து வைத்துக்கொண்டார். மிதியடியை மட்டும் எடுக்கவில்லை, பழகிவிட்டதாம்.

ஆடியில் ஒருநாள் காலை அப்பா கூப்பிட்டார். "டிரிப்பர் விழுந்துச்சுப்பா. எல்லா பிளக்கையும் புடுங்கிட்டு ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்தேன். இஸ்திரிப் பெட்டி மாட்டுனா விழுது. அத எடுத்து அட்டைப் பெட்டில போட்டு, 'தொடாதே'ன்னு எழுதி வெச்சிருக்கேன். நீ வர்றப்ப பாரு."

பார்த்தேன். வயர் இஸ்திரிப் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் துணி உறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது.